ஐஸ் கட்டிய சின்னப் பிரிட்ஜைப் பழுதாக்காமல் உருக்கி எடுப்பது எப்படி?

மேலே ஒரு சின்னப் பிரீசர், அதற்கு அடியில் தண்ணீர் பிடிக்கிற தட்டு, அப்புறம் இரண்டு மூன்று தட்டுகள், கீழே மரக்கறிப் பெட்டி. இப்படியான ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. இரண்டு கதவு வைத்த ‘நோ ஃப்ரொஸ்ட்’ வகை உள்ளே இருக்கிற ஹீட்டரால் தன் ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும். அந்த வகை வைத்திருப்பவர்கள் பின்பக்கத் தட்டு பற்றிச் சொல்கிற இடத்தை மட்டும் வாசித்தால் போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் கட்டியதால் பிரிட்ஜ் போய்விடாது. அந்த ஐஸை அவசரப்பட்டுக் கிளப்பப் போய்த்தான் பெரும்பாலும் போகிறது. கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூ டிரைவர், இவைதான் ஆள். பிரீசரின் சுவர் என்று நாம் நினைப்பது வெறும் சுவர் இல்லை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவில் குளிராக்குகிற காஸ் ஓடுவதற்குக் குழாய் வழி விட்டிருப்பார்கள். ஐஸ் இல்லாத நாளில் விரலால் தடவிப் பாருங்கள், புடைத்துப் புடைத்து வளைந்து போகிற கோடுகள் தெரியும். அந்தக் கோட்டில் கத்தி முனை ஒரு குண்டூசி அளவு ஓட்டை போட்டாலே காஸ் முழுக்கப் போய்விடும். அதை ஒட்டி, காஸ் அடித்து எடுக்கிற செலவைக் கேட்டால் புதுப் பிரிட்ஜ் வாங்கலாமோ என்ற யோசனை வரும்.

நம்மூரில் ஏன் இவ்வளவு ஐஸ்?

ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் வங்கக் கடல். திருகோணமலைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரை தாங்கும். அதே காற்று பிரீசரின் மைனஸ் 18 பாகைக்கு இறங்கினால் 1 கிராம் அளவுதான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த தகட்டில் பூவாகப் படிந்து, பூ இறுகிக் கட்டியாகிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது.

காற்று கொண்டுவருவது பாதி என்றால், நாங்கள் உள்ளே வைப்பது மீதி. கழுவிய மீனைத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சொப்பிங் பேக்கில் போட்டு வைப்பது, சூடு ஆறாத கறிச் சட்டி, மூடி இல்லாத தோசைமா. மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மண்சட்டி ஈரத்தைக் கசியவிடும், மேலே கட்டிய கடதாசியும் ஈரத்தை மறிக்காது. சட்டியோடு ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வைத்தால் தயிரும் காயாது, பிரீசரிலும் ஐஸ் குறையும்.

ஐஸ் 5, 6 மில்லிமீற்றர் தடித்துவிட்டால் உருக்கவேண்டிய நேரம். அதற்கு மேல் விட்டால் அந்த ஐஸே தகட்டுக்குப் போர்வையாகிவிடும். கொம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும், கீழ்த் தட்டில் வைத்த பால் திரியும்.

நாளைப் பார்த்து எடுங்கள்

பிரீசரில் சாமான் குறைந்த நாள்தான் நல்ல நாள். வெள்ளிக்கிழமை மரக்கறி வீடு என்றால் வியாழன் இரவோடு மீன் தீரும்படி பார்த்துக்கொண்டு, வெள்ளி காலையில் தொடங்கலாம். கந்தசஷ்டி ஆறு நாளும் மச்சம் தொடாத வீடுகளுக்கு இன்னும் வசதி. அப்போதுதான் வாடை மழையும் தொடங்குகிற காலம், வருகிற ஈர மாதங்களுக்குப் பிரிட்ஜ் சுத்தமாக நிற்கும். தவக்காலத்தில் இறைச்சியை ஒதுக்குகிற வீடுகளும் அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

காலநிலையையும் பாருங்கள். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வெக்கையில் ஐஸ் வேகமாக இறங்கும். ஆனால் எடுத்து வெளியே வைத்த சாப்பாடும் அதே வேகத்தில் சூடாகும். ஆகையால் கச்சான் காலத்தில் விடியற்காலையில் தொடங்குவதுதான் புத்தி.

மின்சார சபை பராமரிப்புக்காக ஒரு பகலுக்குக் கரண்ட் வெட்டப்போவதாக அறிவித்தால் அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் பிரிட்ஜ் நிற்கத்தான் போகிறது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் நாட்டில் பாதிப் பிரிட்ஜ் கேட்காமலே உருகியது, அது வேறு கதை. ஆனால் கரண்ட் இல்லைதானே என்று பிளக்கைக் கழற்றாமல் விடாதீர்கள். நீங்கள் ஈரக் கையோடு உள்ளே துடைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும்.

சாப்பாட்டுக்கு முதலில் இடம்

ஐஸை விட இதுதான் கவனம் வேண்டிய வேலை. பிளக்கைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் இடம் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

மீன் பெட்டி போல இருக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்று கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீன் விற்பவர்களிடம் பழையது கிடைக்கும், நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். முதல் நாள் இரவே இரண்டு மூன்று பிளாஸ்டிக் போத்தலில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டுப் பிரீசரில் வைத்துவிடுங்கள், காலையில் அவையே ஐஸ்கட்டி. மீன்பிடித் துறைமுகப் பக்கம் வாங்குகிற ஐஸையும் போடலாம். ஆனால் அது மீனுக்குப் போடுகிற ஐஸ். உருகிய தண்ணீர் சாப்பாட்டில் படாதபடி தனிப் பையில் கட்டிப் போடுங்கள், கிளாசில் போட்டுக் குடிக்க வேண்டாம்.

உறைந்த மீன், இறைச்சியை அடியில் நெருக்கமாக அடுக்கி, மேலே ஐஸ் போத்தலை வைத்து, ஒரு தடித்த துவாயால் பெட்டியைச் சுற்றிவிடுங்கள். நெருக்கமாக இருந்தால் ஒன்றின் குளிர் மற்றதைக் காக்கும். பால், தயிர், நேற்றைய கறி, தேங்காய்ப்பூ இவற்றுக்கு இன்னொரு பெட்டி, அல்லது ஐஸ் போட்ட வாளி. மிளகாய்த்தூள், ஊறுகாய், ஜாம், முட்டை, தக்காளி எல்லாம் நிழலில் மேசையில் இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

கணக்கு இதுதான். கெட்டுப்போகக்கூடிய சாப்பாடு 5 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. வீட்டுக்குள் வெக்கை 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். திருகோணமலையில் கச்சான் நேரம் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் உறைய வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அமுக்கிப் பார்த்தால் உள்ளே இன்னும் ஐஸ் நறநறக்கிறது, தொட்டால் பிரிட்ஜ் குளிர் இருக்கிறது என்றால் வைக்கலாம். சுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுக்க இளகிவிட்டது, ஆனால் இன்னும் குளிர் இருக்கிறது என்றால் அன்றே சமைத்துவிடுங்கள். குளிரே விட்டுவிட்டது, எவ்வளவு நேரமென்றும் தெரியாது என்றால் எறியுங்கள். சூரை, கும்பளா வகைகளில் இந்த இடத்தில் இரக்கமே வேண்டாம். அவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் சேரும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும், புளி எவ்வளவு விட்டாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்துக் கடிக்கும்.

வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதை எல்லாவற்றுக்கும் முன் நினைக்கவேண்டும். பாவனைக்கு எடுக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், ஆனால் உறையக்கூடாது. உறைந்தால் வீண். ஐஸோடு முட்டாமல், துவாயில் சுற்றித் தனியாக வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் அரை நாள் கொடுத்து வைப்பது அதைவிட நல்லது.

கரண்ட்

சுவிட்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றிச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தேர்மோஸ்டாட்டை, அதாவது குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகியை, பூச்சியத்துக்குத் திருப்புவதும் அதற்கு ஈடாகாது. கொம்ப்ரசர் நிற்கும், ஆனால் உள்ளே பல்புக்கும் வயருக்கும் 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும்.

சில பிரிட்ஜில் தேர்மோஸ்டாட் திருகியின் நடுவில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் கொம்ப்ரசர் நின்று, ஐஸ் உருகிய பிறகு தானாகவே ஓடத் தொடங்கும். பூப்போலப் படிந்த மெல்லிய ஐஸுக்கு இரவில் அமுக்கிவிட்டுப் படுக்கலாம், நல்ல வசதி. கட்டியாக இறுகியதற்கு அது சரிவராது. நீங்கள் கையை விட்டுத் துடைக்கிற வேலைக்கும் அது பாதுகாப்பு இல்லை.

வேலைக்கு இறங்கும்போது ரப்பர் செருப்பு போடுங்கள். சீமெந்துத் தரையில் தண்ணீர், வெறுங்கால், பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் என்பது நல்ல சேர்க்கை இல்லை. நிலத்தில் கிடக்கிற பல்வழிப் பிளக் இருந்தால் தூக்கி மேசையில் வையுங்கள். வழக்கமாகவே பிரிட்ஜின் உடம்பைத் தொட்டால் ‘சுர்’ என்று இழுக்கிறதா? அப்படியானால் ஐஸை விடுங்கள், முதலில் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முனைப் பிளக்கை வெட்டி இரண்டு முனையாக்கி ஓட்டுகிற பழைய வீடுகளில் இந்த இழுவை சாதாரணம் என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரணம் இல்லை.

பிரிட்ஜின் பின்புற லேபலையும் ஒருமுறை பாருங்கள். ‘ஆர் 600ஏ’ என்று எழுதி, மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். அடுப்புக் காஸ் சிலிண்டரில் இருப்பவற்றின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். அளவு சில பத்து கிராம்தான், ஆனாலும் மூடிய சின்ன அறையில் அதுவே போதும். அதனால் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு, மெழுகுதிரி, சாம்பிராணி வேண்டாம். வேலைக்கு நடுவில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், யன்னலையும் கதவையும் அகலத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போங்கள். ‘ஆர் 134ஏ’ என்று இருந்தால் அந்தத் தீப் பயம் இல்லை.

உருக்குவது

தட்டுகள், மரக்கறிப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எடுங்கள். கண்ணாடித் தட்டை அப்படியே சுடுதண்ணீரில் போட்டால் வெடிக்கும், கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு கழுவுங்கள். பிரிட்ஜுக்கு முன்னால் பழைய சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். பிரீசருக்கு அடியில் இருக்கிற தட்டில் தண்ணீர் நிறையும், அதை அடிக்கடி பார்த்து ஊற்றவேண்டும். பிரிட்ஜை முன்னுக்குச் சரித்துத் தண்ணீரைக் கொட்டுகிற வித்தை வேண்டாம், கொம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும்.

கதவை அகலத் திறந்து ஒரு கதிரையை முட்டுக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். கதவில் தொங்குவார்கள், வெறும் பிரிட்ஜ் முன்னால் சாயும்.

இப்போது பொறுமையான வழி என்றால் இதோடு விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பதுதான். நம்மூர் வெக்கையில் மெல்லிய ஐஸ் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இறங்கும், தடித்தது அரை நாள் எடுக்கும். கொஞ்சம் வேகம் வேண்டுமானால் சுடுதண்ணீர்.

ஒரு எவர்சில்வர் சட்டியில் சுடுதண்ணீர் எடுத்து, மடித்த துணியின் மேல் பிரீசருக்குள் வைத்து, பிரீசரின் சின்னக் கதவைச் சாத்திவிடுங்கள். 1 கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 80 பாகையில் உள்ள 1 லீற்றர் தண்ணீர் முழுக்க ஆறி 0 பாகைக்கு வந்தால்தான் அவ்வளவு வெப்பம் கிடைக்கும். நடைமுறையில் பாதிகூட ஐஸுக்குப் போய்ச் சேராது. ஆகையால் ஒரு சட்டியை வைத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று கத்தியைத் தேடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மூன்றாவது சட்டியோடு விளிம்பில் ஒரு ‘டக்’ சத்தம் கேட்கும், ஐஸ் தகட்டை விட்டுக் கழன்று நிற்கும். கையால் மெல்ல ஆட்டினால் அகலப் பலகையாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னும் நேரம் ஆகவில்லை.

சுடுதண்ணீரை நேரே ஐஸில் ஊற்றக்கூடாது. பிளாஸ்டிக் நெளியும், தண்ணீர் பல்பு, தேர்மோஸ்டாட் பக்கம் வடியும். ஈரத்துணியால் ஒற்றி உருக்குவதென்றால் கன்னியா வெந்நீரூற்றில் அள்ளி ஊற்றிக்கொள்கிறோமே, அந்த அளவு சூடு போதும்.

மேசை மின்விசிறியை ஒரு மீற்றர் தள்ளி, தண்ணீர் ஓடிவராத உயரத்தில் வைத்து ஊதவிடலாம். ஈரக் காற்று ஐஸில் பட்டுத் தண்ணீராகும்போது அதுவே வெப்பத்தையும் விட்டுப் போகும், வாடை மாதங்களில் இது நன்றாகவே வேலை செய்யும். ஹேர் டிரையர் வேண்டாம். பிடிப்பவரின் கை ஈரம், கீழே தண்ணீர், ஒரே இடத்தில் சூடு பட்டால் பிளாஸ்டிக்கும் போகும்.

உப்புத் தூவினால் உருகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. உருகும்தான். ஆனால் உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும். கடல் காற்றில் பின்பக்கக் கம்பிகள் துருப்பிடிக்கிற ஊரில் உள்பக்கத்துக்கும் நாமே உப்பு வைக்கவேண்டியதில்லை.

மீன் பார்சல் ஐஸோடு ஒட்டிக் கிடந்தால் இழுக்காதீர்கள், தகடும் சேர்ந்து வரும். பார்சலைச் சுற்றி வெதுவெதுப்பான துணியை ஒற்றிக்கொண்டிருங்கள், அடிப்பக்கம் தானாக விடும்.

துடைப்பதும் பின்பக்கத் தட்டும்

1 லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடைத்தால் மீன் மணம் போகும், கீறலும் விழாது. பிறகு வெறுந்தண்ணீர்த் துணி, அப்புறம் காய்ந்த துணி. ஈரம் விட்டால் அது அப்படியே நாளைய ஐஸ்.

பின்சுவரின் அடியில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். கீரை இலை, வெங்காயத் தோல் அடைத்து, மரக்கறிப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். காது குடைகிற பஞ்சுக் குச்சியால் மெல்லச் சுழற்றி எடுத்து, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பாருங்கள். கம்பி வேண்டாம்.

அந்தத் துவாரத்துத் தண்ணீர் போய் விழுகிற தட்டு பின்னால், கொம்ப்ரசருக்கு மேலே இருக்கிறது. பலர் வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. டெங்கு நுளம்புக்கு இந்தத் தட்டுத் தண்ணீர் தாராளம். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். வெறுமனே ஊற்றிவிட்டால் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் சாகாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், வாரம் ஒருமுறை.

திரும்ப ஓடவிடுவது

உள்ளும் வெளியும், பிளக்கும் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிளக்கைப் போடுங்கள். வெறுமையாகவே ஒன்றிரண்டு மணித்தியாலம் ஓடட்டும், தகடு குளிர்ந்து பிடிக்கட்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. பாத்திரங்களின் வெளிப்பக்கத்தைத் துடைத்து உள்ளே வையுங்கள். தேர்மோஸ்டாட்டை உச்ச இலக்கத்தில் விடாதீர்கள், நடுவில் வைத்தால் போதும். இலக்கம் கூடக் கூடக் குளிரும் கூடும், ஐஸும் கூடும்.

அன்றே கதவு ரப்பரையும் பார்த்துவிடுங்கள். ஒரு 20 ரூபாத் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் ஈரக் காற்று இரவு பகலாக உள்ளே போகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள், கீழ் மூலைதான் வழக்கமாகத் தளரும். மடிப்புக்குள் இருக்கிற ஊத்தையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வளைந்த இடத்தில் சுடுதண்ணீர்த் துணியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பலவேளை நிமிர்ந்துவிடும். வெடித்திருந்தால் ரப்பரை மாற்றவேண்டியதுதான்.

உருக்கி ஓடவிட்ட பிறகு பிரீசரின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பூத்து, மற்ற இடம் வெறும் ஈரமாகவே கிடக்க, கொம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் காஸ் குறைந்திருக்க வாய்ப்புண்டு. திருத்துபவரிடம் லேபலில் எந்தக் காஸ் எழுதியிருக்கிறதோ அதையே அடிக்கச் சொல்லுங்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று ‘ஆர் 134ஏ’க்கு உரிய பிரிட்ஜில் ‘ஆர் 600ஏ’ அடிக்க வருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிரிட்ஜின் சுவிட்சும் ரிலேயும் தீப்பிடிக்கிற காஸுக்காகச் செய்யப்பட்டவை இல்லை.